மின்தூக்கி நிற்காத மாடிகள்

சிங்கப்பூரில் அடுக்குமாடி வீடுகள் எழுந்த வேகம் பலரும் அறிந்த கதை. அவற்றைப் புதுப்பிக்கத் திட்டமிட்ட கதை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. கட்டும்போது வீட்டில் ஆள் இருப்பதில்லை. புதுப்பிக்கும்போதோ அடுப்பு எரிகிறது, பிள்ளைகள் தேர்வுக்குப் படிக்கிறார்கள், பாட்டி நோயில் படுத்திருக்கிறார். எனவே இது பொறியாளரின் கணக்கு மட்டுமன்று. குடியிருப்போரின் சம்மதமும் சேர்ந்தால்தான் வேலை நடக்கும்.

வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1960 பிப்ரவரி முதல் தேதி அமைக்கப்பட்டது. அடுத்த ஆண்டு மே 25ஆம் தேதி புக்கிட் ஹோ சுவீயில் மூண்ட தீ, ஏறத்தாழ 16,000 பேரை வீடற்றவர்களாக்கியது. அன்று தேவைப்பட்டது அழகன்று, கூரை. முதல் ஐந்து ஆண்டுகளில் 50,000க்கும் மேற்பட்ட வீடுகள் கட்டி முடிக்கப்பட்டன.

அந்த அவசரத்தில் சிக்கனமும் கலந்திருந்தது. பல புளோக்குகளில் மின்தூக்கி எல்லா மாடிகளிலும் நிற்கவில்லை. நான்கைந்து மாடிகளுக்கு ஒரு முறைதான் நின்றது. நிற்கும் இடம் குறைந்தால் செலவு குறையும், பயணமும் விரைவாகும். மற்ற மாடிக்காரர்கள் இரண்டு மாடி ஏறினார்கள் அல்லது இறங்கினார்கள். இளம் குடும்பங்களுக்கு அது பெரிய சுமையாகத் தெரியவில்லை.

காலம் நின்றுவிடவில்லை. இருபது, முப்பது ஆண்டுகளில் கட்டடத்தோடு குடியிருந்தவர்களும் மூத்தார்கள். கழிவறைக் கூரையில் காரை பெயர்ந்தது. உள்ளிருந்த கம்பி துருவேறியது. புதுப் பேட்டைகளுக்குப் பிள்ளைகள் குடிபோக, பழைய பேட்டைகளில் முதியவர்கள் தங்கினார்கள். வாங்கும்போது எளிதாக ஏறிய அதே படி, முழங்கால் வலிக்கும் வயதில் வீட்டுச் சிறையாகிவிட்டது.

இந்தச் சூழலில்தான் 1989இல் அறிவிக்கப்பட்ட முதன்மை மேம்பாட்டுத் திட்டம் 1990இல் தொடங்கியது. செலவில் பெரும்பங்கை அரசாங்கம் ஏற்றது. ஆனால் ஒரு நிபந்தனை இருந்தது. தகுதிபெற்ற வீட்டுக்காரர்களில் 75 விழுக்காட்டினர் வாக்களித்து ஆதரித்தால் மட்டுமே வேலை நடக்கும். அடுக்குமாடியில் குழாய், சுவர், கூரை எல்லாம் மேல்வீட்டுக்கும் கீழ்வீட்டுக்கும் பொது. ஒரு வீட்டை மட்டும் விட்டுவிட்டுக் கழிவுக்குழாயை மாற்ற முடியாது. அதனால் பெரும்பான்மை ஒப்புக்கொண்டபின், மறுத்தவரும் இரைச்சலையும் தூசியையும் தாங்க வேண்டியிருந்தது.

வாக்கு என்று வந்ததும் அரசியலும் உடன் வந்தது. 1997 பொதுத்தேர்தலில், ஆளும் மக்கள் செயல் கட்சியை ஆதரிக்கும் வட்டாரங்களுக்கு மேம்பாட்டில் முன்னுரிமை என்று அன்றைய பிரதமர் கோ சோக் தோங் அறிவித்தார். வரிப்பணத்தில் நடக்கும் பணியைத் தேர்தல் முடிவோடு முடிச்சுப் போடலாமா என்று எதிர்த்தரப்பு கேட்டது. 2006இல் ஹவ்காங், பொத்தோங் பாசிர் தொகுதிகளுக்குக் கோடிக்கணக்கான வெள்ளி மதிப்புள்ள மேம்பாடு வாக்களிக்கப்பட்டது. ஆனாலும் அவ்விரு தொகுதிகளும் எதிர்க்கட்சியையே மீண்டும் தேர்ந்தெடுத்தன.

மின்தூக்கிக்கென்றே தனித் திட்டம் 2001இல் வந்தது. புளோக்கின் வெளிப்புறத்தில் புதிய தூண்கூடு எழுப்பியும், பழைய தூண்கூட்டில் புதிய வாசல் திறந்தும் மாடிதோறும் மின்தூக்கி நிற்க வழிசெய்யப்பட்டது. குடிமக்கள் குடும்பம் ஒன்றுக்கான பங்கு அதிகபட்சம் 3,000 வெள்ளி. எனினும் கட்டட அமைப்பு இடங்கொடுக்காததாலும், ஒரு வீட்டுக்கான செலவு வரம்பை மீறியதாலும் சில புளோக்குகள் விடுபட்டன. அங்கிருந்து உடல்நலக் குறைவாலோ நடமாட்டச் சிரமத்தாலோ இடம்மாற வேண்டியவர்களுக்கு 30,000 வெள்ளி வரை மானியம் தரும் திட்டம் 2020இல் வந்தது.

2007இல் அறிமுகமான இல்ல மேம்பாட்டுத் திட்டம் பழைய அனுபவத்திலிருந்து பாடம் கற்றது. காரை பெயர்வு, கழிவுக்குழாய் போன்ற அவசியப் பணிகளுக்குக் குடிமக்கள் பணம் கட்டத் தேவையில்லை. கழிவறை, கதவு போன்றவற்றை வேண்டுவோர் மட்டும் ஏற்கலாம். வீட்டின் அளவைப் பொறுத்து செலவில் 5 முதல் 12.5 விழுக்காடு கட்டினால் போதும். எதைப் பொதுவில் தீர்மானிப்பது, எதைக் குடும்பத்திடம் விடுவது என்ற கோடு அப்போதுதான் தெளிவானது.

ஒரு கேள்வி மட்டும் எஞ்சி நிற்கிறது. இவ்வீடுகள் 99 ஆண்டுக் குத்தகையில் உள்ளவை. புதுக் கழிவறை குத்தகைக்கு ஓர் ஆண்டைக்கூடச் சேர்க்காது. 1995இல் தொடங்கிய ஒட்டுமொத்த மறுமேம்பாட்டுத் திட்டத்துக்குச் சுமார் 5 விழுக்காட்டு வீடுகளே பொருந்தும் என 2018இல் அரசாங்கம் வெளிப்படையாகச் சொன்னது. 70 வயதை எட்டும் பேட்டைகளை அரசாங்கம் முன்கூட்டியே வாங்கிக்கொள்ளலாமா என்பதைக் குடியிருப்பாளர்களின் வாக்கெடுப்புக்கு விடும் திட்டமும் அவ்வாண்டே அறிவிக்கப்பட்டது.

அன்று மின்தூக்கி எத்தனை மாடியில் நிற்கும் என்பதைத் திட்டமிட்டவர்கள் மட்டுமே முடிவுசெய்தார்கள். இனி வீடு எத்தனை ஆண்டு நிற்கும் என்பதில் அண்டை வீட்டாரின் வாக்கும் சேரும். ஒரே நடைக்கூடத்தில் குடியிருந்தும் முகம் பார்த்துப் பேசாதவர்கள், அந்த வாக்கெடுப்புக்கு முன்பாவது ஒருவர் கதவை ஒருவர் தட்டிப் பேசுவது நல்லது.