மெக்கன்ஸியில் காலி மனை

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில், வடக்கே மெக்கன்ஸி என்ற காட்டூரில் தொழிற்சாலை நிலம் விற்பனைக்கு என்று ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. ரயில் உண்டு, ஏரி பக்கம், இடம் காலி. அந்தக் ‘காலி’யில் நான் நின்றுவிட்டேன்.

ஏரி தானாக வந்ததல்ல. 1960களில் பீஸ் ஆற்றின் குறுக்கே 183 மீட்டர் உயரத்தில் பென்னட் அணை எழுந்தது. சே கே டெனே பழங்குடியினரின் குடியிருப்புகளும் கல்லறைகளும் வில்லிஸ்டன் நீர்த்தேக்கத்துக்குள் போயின. மரங்களை வெட்டக்கூட நேரமில்லை. நசுக்கித் தள்ள 175 டன் இயந்திரம் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அது இன்றும் ஊர்ச் சாலையோரம் காட்சிக்கு நிற்கிறது. பெருமையாம்!

அதே கையோடு, 1966இல் காட்டுக்குள் திட்டம் போட்டுக் கட்டிய ஊர்தான் மெக்கன்ஸி. அறுவை ஆலை, காகிதக்கூழ் ஆலை, அதை நம்பி வீடு, பள்ளிக்கூடம் எல்லாம். 2019இல் பெரிய அறுவை ஆலையொன்று நின்றது. 2021இல் கூழ் ஆலையை நிரந்தரமாக மூடுவதாக அறிவித்தார்கள். கட்டுப்படியாகும் விலையில் மரம் கிடைக்கலையாம்.

மரமா இல்லை? 2019இலேயே ஊர்மக்கள் தெருவில் திரண்டது அதற்காகத்தான்: சுற்றுக்காட்டில் வெட்டிய மரம், மூடிய ஆலையைத் தாண்டி, லாரி லாரியாக வேறு ஊர்களுக்குப் போய்க்கொண்டிருந்தது.