மலேசிய ராஜகோபாலும் நம்ம ஹவுசிங்போர்டு பையன்களும்

கோட்டூர்புரம் ஹவுசிங்போர்டில் பந்து உதைத்துக்கொண்டிருந்த ஒருத்தனிடம், "விளையாடி முடிச்சதும் கோச் ஆவியாடா?" என்றேன். "அதுக்கெல்லாம் இங்கிலீசு தெரியணும்ணா" என்று ஓடிவிட்டான். நம்ம காலை ஒத்துக்கொள்கிற சமூகம் நம்ம மூளையை ஒத்துக்கொள்வதில்லை. ஓடி உழைப்பது ஒருத்தன், உட்கார்ந்து திட்டம் போடுவது இன்னொருத்தன் என்கிற வருணப் பங்கீட்டைத்தான் அவன் இங்கிலீசு என்கிறான்.

அவனுக்காகத்தான் மலேசியாவின் கே. ராஜகோபாலைப் பற்றி எழுதுகிறேன். 1938இல் தடை வரும்வரை கங்காணிகள் மலாயா ரப்பர் தோட்டங்களுக்கு ஓட்டிப்போன தமிழர்களில் கணிசமானவர்கள் நம்ம சேரிச் சனம். சாதியும் கூடவே கப்பலேறித் தோட்ட லயங்களுக்குப் போனது. ராஜகோபால் 1956இல் கோலாலம்பூரில் பிறந்தவர். அவர் என்ன சாதி என்பது எனக்கு விஷயமில்லை. கூலிக்காரக் கூட்டம் என்று முத்திரை குத்தப்பட்ட சிறுபான்மையிலிருந்து ஒருவர் ஒரு நாட்டின் அணிக்கே திட்டம் போட்டார், அதுதான் விஷயம்.

தேசிய அணிக்கு ஆடியவர், பிறகு பயிற்சியாளர். ஐக்கிய அரபு அமீரகத்திடம் 0–5 என்று சொந்த மண்ணில் உதை வாங்கிய அணியை 2009இல் அவர் கையில் கொடுத்தார்கள். சின்னப் பையன்களை நம்பினார். அதே வருசம் டிசம்பரில் லாவோசில் நடந்த தென்கிழக்காசிய விளையாட்டில் வியட்நாமை 1–0 என வென்று, 20 வருசம் கழித்துத் தங்கம்.

2010 டிசம்பர் 1, சுசுகி கோப்பை முதல் ஆட்டம். ஜகார்த்தாவில் இந்தோனேசியா 5–1 என நொறுக்கியது. வேறு இடமாயிருந்தால் அன்றைக்கே ஆளை மாற்றியிருப்பார்கள். அவர் பையன்களைக் கைவிடவில்லை. இறுதிப் போட்டியில் அதே இந்தோனேசியாவை டிசம்பர் 26 அன்று புக்கிட் ஜாலிலில் 3–0 என அடித்தார்கள். மூன்று நாள் கழித்து ஜகார்த்தாவில் 1–2 எனத் தோற்றும், மொத்தம் 4–2. மலேசியாவுக்கு அந்தக் கோப்பை அதுதான் முதல்முறை. சுப்பிரமணியம் குணாளன் என்ற தமிழ்ப் பையனும் அந்த அணியில் இருந்தார். டிசம்பர் 31ஐ அரசாங்கம் பொதுவிடுமுறையாக்கியது. ஒரு தமிழன் போட்ட கணக்குக்கு ஒரு தேசமே லீவு எடுத்தது!

2012இல் அரையிறுதியில் தாய்லாந்திடம் தோற்றார். 2013க்குப் பிறகு அந்தப் பதவியில் அவர் இல்லை. கோச் வேலை யாருக்கும் பட்டாப் போட்டுக் கொடுத்ததில்லை.

இங்கேயோ 2015 வெள்ளத்தைச் சாக்கு வைத்து, அடையாற்றங்கரைச் சனத்தைப் பெரும்பாக்கத்துக்குப் பெயர்த்தார்கள். பையன்கள் கூடி விளையாடிய டீம்கள் அதோடு சிதறின. மறுபடி அந்தப் பையனைப் பார்த்தபோது ராஜகோபால் கதையைச் சொல்லி, கோச்சுக்கு டி லைசென்ஸ் என்று ஒன்று இருக்கிறது என்றேன்.

"ஃபீஸ் எவ்ளோண்ணா?" என்றான்.