கருவுற்ற காலத்துச் சத்திரசிகிச்சையும் விறைப்பு மருந்தும்

மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தோருள் தலையாயவர் மானிப்பாயிற் பணியாற்றிய சாமுவேல் பிஸ்க் கிறீன். 1847ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் வந்த அவர், பிரசவ நூலொன்றை 1857இலும், 'இரண வைத்தியம்' என்னும் சத்திரசிகிச்சை நூலை 1867இலும் தமிழில் வெளியிட்டார். கருவுற்றிருக்கையிற் குடல்வால் அழற்சியோ எலும்பு முறிவோ நேரப்பெற்ற பெண் இவ்விரு துறைக்கும் உரியவள். கத்தி படுவது ஓருடலில். காக்கவேண்டிய உயிரோ இரண்டு.

கிறீன் வந்த அதே 1847இல் எடின்பரோவில் ஜேம்ஸ் சிம்சன் குளோரோபோமை மயக்க மருந்தாகக் கையாண்டார். வலி ஒழிந்தது; உடன் நினைவும் ஒழிந்தது. நினைவிழத்தலிற் கருவுற்றாளுக்குத் தனி இடர் உண்டு. மயங்கிய நிலையில் இரைப்பையிலுள்ளது மேலேறி நுரையீரலுட் புகுவதால் விளையும் கேட்டினை 1946இல் மெண்டல்சன் விளக்கினார். மேலும், கருவுற்ற காலத்தில் தொண்டையின் உட்புறம் தடித்திருத்தலால் மூச்சுக்குழாய் இடுதல் கடினமாகும். பிராணவாயுவும் விரைவிற் குறையும்.

மாற்று வழி 1898இற் செருமனியின் கீல் நகரிற் பிறந்தது. ஓகஸ்ற் பியர் என்பார் முள்ளந்தண்டு நீரிற் கொக்கெயினைச் செலுத்தி, நோயாளியின் கீழுடலை விறைக்கச் செய்து, காலிற் சத்திரசிகிச்சை செய்தார். நச்சு மிகுந்த கொக்கெயினின் இடத்தில் 1905இற் புரோக்கெயினும், 1940களில் லிக்னோக்கெயினும் வந்தன. 1961இல் தாலிடோமைட்டு கருவிலிருந்த குழவிகளுக்கு விளைத்த ஊறு உலகறிந்தபின், கருவுற்றாருக்கு ஈயப்படும் மருந்துகள் ஐயத்தோடு நோக்கப்பட்டன. சிற்றளவு மருந்தே வேண்டும் முள்ளந்தண்டு ஊசியின் சிறப்பு இங்குத் தெளிவாகும்.

எனினும் அது குறையற்றதன்று. இரத்த அழுத்தம் வீழின் கருப்பைக்குச் செல்லும் குருதி குறையும். ஆகலின் தாயை இடப்பக்கம் சரித்துக் கிடத்தி, அழுத்தத்தை மருந்தாற் காத்தல் வேண்டும். தலையிற் செய்யும் சிகிச்சைக்கு இவ்வூசி உதவாது. முழு மயக்கத்தினும் இதுவே குழவிக்கு நன்றென ஆய்வுகள் முடிவாக நிறுவவும் இல்லை. அவசரமற்றதைப் பிரசவத்தின் பின்னர்க்கு ஒத்திவைத்தலும், அவசரமானதை எம்மாதத்திலும் தாமதியாது செய்தலுமே இன்றைய நெறி.

முழு மயக்கத்திற் கிடப்பவள் வினவாள். விறைப்பு மருந்து பெற்றவள் விழித்திருப்பாள். கல்முனைக் கரையிலிருந்தோ வரிப்பத்தான்சேனையிலிருந்தோ வைத்தியசாலை சேரும் தாய், முதுகில் ஊசி எதற்கு, வயிற்றுப் பிள்ளைக்கு என்னாகும் என்று கேட்பது தமிழிலேயாம். அவ்வினாவுக்கு அவள் விளங்கும் சொல்லில் விடை கிடைக்கும்வரை, கிறீன் தொடங்கிய பணி முற்றுப்பெற்றதாகாது.