ஊரூர் – ஆல்காட் குப்பம்

சென்னை அடையாற்றின் முகத்துவாரத்துக்குத் தென்புறம் வங்கக் கடலோரம் அமைந்த மீனவ ஊர். ஊரூர் குப்பம், ஆல்காட் குப்பம் என இரு பெயர்கள் வழங்கினாலும் கரையும் தொழிலும் ஒன்றே. ஆகவே ஒரே ஊராகக் கொள்வதே பொருந்தும். வடக்கிலும் மேற்கிலும் பிரம்மஞான சபையின் தோட்டம், அதற்கப்பால் ஆறு, தெற்கே பெசன்ட் நகரும் எலியட்ஸ் கடற்கரையும் எல்லைகள். ஆற்றின் எதிர்க்கரையில் சீனிவாசபுரமும் பட்டினப்பாக்கமும் உள்ளன. சென்னை மாநகராட்சியின் அடையாறு மண்டலத்தில் அடங்கும்.

வரலாறு

1875இல் நியூயார்க்கில் தொடங்கப்பட்ட பிரம்மஞான சபை, பம்பாயில் சில ஆண்டுகள் இயங்கியபின் 1882இல் அடையாற்றின் தென்கரையிலிருந்த ஹடில்ஸ்டன் தோட்டத்தை வாங்கித் தலைமையகமாக்கிக்கொண்டது. அப்போது 27 ஏக்கராக இருந்த தோட்டம், அன்னி பெசன்ட் தலைவராக இருந்த காலத்தில் (1907–1933) பெரிதும் விரிந்து கடற்கரையைத் தொட்டது. இன்று 250 ஏக்கருக்கும் மேல். குப்பத்தின் மேற்கெல்லையும் வடக்கெல்லையும் இவ்வாறு அமைந்தவையே. 1909இல், பின்னாளில் தத்துவஞானியான சிறுவன் ஜே. கிருஷ்ணமூர்த்தியைச் சபையின் முன்னோடிகளுள் ஒருவரான லெட்பீட்டர் கண்டதாகச் சொல்லப்படுவது இந்தத் தோட்டத்துக் கடற்கரையில்தான்.

சபையின் நிறுவனர்களுள் ஒருவரும் ஊருக்குப் பெயர் தந்தவருமான கர்னல் ஹென்றி ஸ்டீல் ஆல்காட்டைப் பற்றிச் சற்று விரித்துச் சொல்வது தகும். அமெரிக்க உள்நாட்டுப் போரில் பணியாற்றியவர். லிங்கன் கொலை விசாரணையிலும் பங்கேற்றவர். 1880இல் இலங்கையின் காலியில் பௌத்தம் தழுவினார். சாதியின் பெயரால் கல்வி மறுக்கப்பட்ட பிள்ளைகளுக்காக 1894இல் அடையாறுக்கருகே இலவசப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். பின்னர் மேலும் சில பள்ளிகள் எழுந்தன. 1898இல் சாதி எதிர்ப்புச் சிந்தனையாளர் அயோத்திதாசப் பண்டிதர் இலங்கை சென்று பௌத்தம் ஏற்க வழிசெய்தவரும் இவரே. 1907 பிப்ரவரி 17 அன்று அடையாறில் மறைந்து, தோட்டத்திலேயே எரியூட்டப்பட்டார். பள்ளிகளைத் திறக்கச் சட்டமோ அரசின் கட்டளையோ அவரைத் தூண்டவில்லை என்பது நினைக்கத்தக்கது. அவற்றுள் ஒன்றான ஆல்காட் நினைவு மேல்நிலைப் பள்ளி இன்றும் கட்டணமின்றி நடக்கிறது. தலைமுறை தலைமுறையாகக் குப்பத்துப் பிள்ளைகள் எழுத்தறிந்தது இங்கேதான்.

1967இல் முகத்துவாரத்தின் குறுக்கே கட்டப்பட்ட பாலம் 1977இல் வெள்ளத்தில் இடிந்தது. அதன்பின் சீரமைக்கப்படாமல் ‘உடைந்த பாலம்’ என்ற பெயரோடு நிற்கிறது. 1970களில் வீட்டுவசதி வாரியம் பெசன்ட் நகரை எழுப்பியதும், அதுவரை கடலும் தோட்டமும் மட்டுமே அயலாக இருந்த ஊருக்கு நகரம் அயலாயிற்று. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை இக்கரையையும் தாக்கியது.

தொழில்

கடல் மீன்பிடிப்பே பிழைப்பு. முன்பு கட்டுமரமே பெரும்பாலும் புழங்கியது. கரை சேர்ந்ததும் கயிற்றை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியே மணலில் பிரித்துப் போடுவார்கள். நீர் குடித்த மரம் காய்ந்தால்தான் மறுபடி நன்றாக மிதக்கும். இப்போது இயந்திரம் பொருத்திய ஃபைபர் படகுகளே மிகுதி. வஞ்சிரம், சங்கரா, நெத்திலி, மத்தி, கவலை ஆகியவை கரைக்கு வரும் மீன்கள். ஆற்றுவாயில் வீச்சுவலையால் மடவையும் இறாலும் பிடிப்பது பழைய வழக்கம். நகரத்துச் சாக்கடை ஆற்றில் கலந்ததால் அது நலிந்துவிட்டது. கோடையில் மணல்திட்டு வாயை அடைத்துக்கொள்ளும். வடகிழக்குப் பருவமழையின் வெள்ளம் அதை உடைத்துத் திறந்தால்தான் ஆறு மூச்சுவிடும்.

படகுகளுக்கும் வீடுகளுக்கும் இடைப்பட்ட மணல்வெளி ஊருக்குப் பொதுவானது. வலை உலர்த்துவதும் அறுந்த கண்ணிகளைக் கோர்த்துச் சீர்செய்வதும் நெத்திலி காயவைப்பதும் அங்கேதான். பெரிய வலையை இருபுறமும் ஆட்கள் நின்று கரைக்கு இழுக்கும்போது மணலின் முழு அகலமும் தேவைப்படும். ஆளில்லாத நேரத்தில் பார்ப்பவர் அதைச் சும்மா கிடக்கும் இடம் என்று எண்ணிவிடக் கூடாது. கரை வந்த மீனை விற்றுக் காசாக்குவது பெரும்பாலும் பெண்கள் பொறுப்பு.

வழிபாடும் விழாவும்

ஊர்த் தெய்வம் எல்லையம்மன். ஆடி மாதத்தில் கூழ் ஊற்றுவார்கள். திருவிழா வரியும் தொழில் தகராறுகளும் ஊர்ப் பஞ்சாயத்தின் பொறுப்பு. 2015இல் பாடகர் டி. எம். கிருஷ்ணா உள்ளிட்டோர் ஊராருடன் சேர்ந்து தொடங்கிய ‘ஊரூர் ஆல்காட் குப்பம் விழா’ கர்நாடக இசை, பரதநாட்டியம், பறையாட்டம், கூத்து ஆகியவற்றை ஒரே மேடைக்குக் கொண்டுவந்தது. மயிலாப்பூர் சபாக்களில் மட்டுமே கச்சேரி கேட்டுப் பழகிய பலர் இக்குப்பத்துக்கு முதன்முறை வந்தது அப்போதுதான்.

வசதிகளும் சூழலும்

பெசன்ட் நகர் பேருந்து நிலையம் அருகிலுள்ளது. பறக்கும் ரயிலுக்கு இந்திரா நகர் அல்லது திருவான்மியூர் செல்ல வேண்டும். சாலையோரத்தில் மீன் கடைகள் உண்டு. சனவரி முதல் ஏப்ரல் வரை பங்குனி ஆமைகள் முட்டையிட வரும் இக்கரையில், மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு 1988 முதல் முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் காத்துக் குஞ்சுகளைக் கடலில் விட்டுவருகிறது.