பாவும் பாயும்: கல்முனைக் கரையோரத் துணிக்கலையின் சமூக அடித்தளம்

ஈழத்துக் கலை வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் சிற்பம், கட்டடம், சுவரோவியம் என்பவற்றோடு தொடங்கி, 1943இல் கொழும்பில் உருவான '43 குழு'வின் ஓவியர்களோடு நவீன காலத்துக்கு வந்து சேர்வர். இவ்வரலாற்றில் நெய்தவருக்கும் சாயம் தோய்த்தவருக்கும் பாய் இழைத்தவருக்கும் இடமில்லை. இடம் தரப்படின், அது 'கைப்பணி' என்ற தலைப்பில் நூலின் இறுதியில் சேர்க்கப்படும் ஓர் அத்தியாயமாகவே அமையும். நாள்தோறும் நிறத்தையும் கோட்டையும் இழையிலே அமைத்து ஒரு பரப்பை உருவாக்குதல் என்னும் ஒரே செயல் ஓரிடத்திற் கலையென்றும், இன்னோரிடத்தில் தொழிலென்றும், வேறோரிடத்திற் பெண்களின் ஓய்வுநேர வேலையென்றும் பெயர் பெறுவது ஏன்? இவ்வினாவைப் பொதுப்பட எழுப்புவதிலும் பார்க்க, குறித்த ஒரு நிலப்பரப்பிற் பொருத்தி நோக்குவதே பயன் தருமெனக் கருதுகிறோம்.

அந்நிலப்பரப்பு அம்பாறை மாவட்டக் கரையோரமாகும். விபுலானந்த அடிகள் 1892இற் பிறந்த காரைதீவின் வட எல்லையிலே சாய்ந்தமருது தொடங்குகிறது. அதனை அடுத்துக் கல்முனைக்குடி, கல்முனை, பாண்டிருப்பு எனத் தமிழூரும் முஸ்லிம் ஊரும் மாறிமாறி அமைய, அவற்றுக்கும் வடக்கே கைத்தறிக்குப் பெயர்பெற்ற மருதமுனை உள்ளது. கிழக்கே கடலும் மேற்கே வயலும் அமைந்த இவ்வொடுங்கிய பட்டியில் ஆண்கள் வயலையும் கரைவலையையும் வணிகத்தையும் சார்ந்து வாழ்ந்தனர். நெசவு மருதமுனையிற் செறிந்தது. பன்பாய் இழைத்தலோ சாய்ந்தமருது உள்ளிட்ட இக்கரையோர முஸ்லிம் ஊர்களின் வீடுகளிலே பெண்களின் கைவேலையாக நிலவியது.

மருதமுனைத் தறியைத் தனித்தவோர் அதிசயமாகக் காட்டுவது ஊர்ப்பெருமைக்கு உதவுமேயன்றி வரலாற்றுக்கு உதவாது. அது வங்கக் கடலின் பழைய துணி வணிகத்தோடு தொடர்புடையது. இலங்கையில் இன்றும் பலரும் 'பலயகட்' சாரன் என்று கேட்டு வாங்கும் கட்டமிட்ட துணி, சோழமண்டலக் கரையின் பழவேற்காட்டுப் பெயரையே திரிந்த வடிவிற் சுமந்து நிற்கிறது. பழவேற்காடு ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கொம்பனியின் துணி ஏற்றுமதித் துறைகளுள் ஒன்று. அக்கரையின் எழுத்துச் சீலைகளுக்குச் செந்நிறம் தந்த சாயவேர் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் தோண்டப்பட்டது. அவ்வேரைத் தோண்டுவதையும் விற்பதையும் ஒல்லாந்தர் தம் ஏகபோக உரிமையின் கீழ்க் கொணர்ந்தனர். எழுதுகோலாற் சீலையில் வரைதலைக் குறிக்கும் 'கலம்காரி' என்னும் சொல் பாரசீக வழி வந்தது. உலகச் சந்தைகள் பலவற்றில் விலைபோன அத்துணிகளை வாங்கியோரின் கணக்கேடுகள் ஆவணக் காப்பகங்களிற் பேணப்பட்டுள்ளன. வரைந்தோரின் பெயர்களோ அவற்றில் இல்லை. பெயரின்மை கலைஞனின் பணிவினால் விளைந்ததென்று கூறுவாருளர். முற்பணம் கொடுத்து உற்பத்தியைத் தன் கைக்குள் வைத்திருந்த வணிக மூலதனத்துக்குப் பெயர் தேவைப்படவில்லை என்பதே அதற்குரிய விளக்கமாகும்.

1856இற் பேர்கின் செயற்கை ஊதாச் சாயத்தைக் கண்டறிந்தார். 1869இற் செயற்கைச் செஞ்சாயமும், 1897இல் ஜேர்மன் ஆலையொன்றின் செயற்கை நீலமும் சந்தைக்கு வழி கண்டன. சாயவேரின் கதை அத்தோடு முடிந்தது. நெசவாளன் தன் நிலத்தில் விளையாத நூலோடு, தன் நிலத்தில் விளையாத சாயத்தையும் நம்பி வாழவேண்டியவனானான்.

இனித் தறியை நோக்குவாம். நெசவில் ஆக்கத்திறன் எங்கே உறைகிறது என்பதை அறியாதார், நாடா ஓடுவதைக் கண்டு அதனையே நெசவென்பர். உண்மையில் துணியின் பெரும்பகுதி நாடா ஓடுமுன்பே தீர்மானமாகிவிடுகின்றது. பாவோட்டும்போது எந்நிற இழை எத்தனை, எதன் பின் எது என்ற வரிசை முடிவாகிறது. விழுதிற் கோத்து அச்சிற் புகுத்தியபின் அவ்வரிசையை மாற்ற இயலாது. ஓரிழை பிறழின் அப்பிழை பாவின் நீளம் முழுவதும் தொடரும். ஊடையிலேதான் நெசவாளருக்கு எஞ்சிய சுதந்திரம் உண்டு. கட்டத்தின் நீளம், நிறநாடாவை மாற்றும் கணம், அடியின் இறுக்கம், சேலையின் முந்தானையிற் கோடுகள் நெருங்கி விலகும் ஒழுங்கு என்பன அவர் கைக்குரியவை. இது கணக்கும் கண்ணும் இணையும் வேலை. யாப்பறிந்தோர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை. சீரும் தளையும் முன்னரே வகுக்கப்பட்டிருக்க, அவற்றுள்ளே புதியது செய்வதுதானே வெண்பாவும்? புலவர்மணி ஆ. மு. ஷரிபுத்தீன் பிறந்த மருதமுனையில் மரபுச் செய்யுளும் கட்டச் சேலையும் ஒருங்கே வளர்ந்தன. முன்னையதைப் பற்றி நம்மவர் எழுதியதிற் பத்திலொரு பங்கேனும் பின்னையதைப் பற்றி எழுதவில்லை.

எனினும் தறியைப் பற்றிய இனிய கற்பனை எதற்கும் நாம் இடமளிக்கலாகாது. தறி வீட்டில் அல்லது வீட்டோடு ஒட்டிய கொட்டிலில் நிற்கும். பெண்களும் பிள்ளைகளும் தார் சுற்றுவர். நூல் முதலாளியிடமிருந்து வரும். நெய்த துணி அவரிடமே செல்லும். கூலி துண்டின் கணக்கில் அமையும். தறி தனக்குச் சொந்தமாக இருப்பினும் நூல் பிறருடையதாயின் நெசவாளர் சுதந்திர உற்பத்தியாளர் அல்லர். தன் கூரையின் கீழே வேலை செய்யும் கூலியாளரே. கோலத்தை மாற்றிப் பார்க்க விரும்பும் நெசவாளர் அதற்குச் செலவாகும் நாட்களைத் தன் கூலியிலிருந்தே ஈடுசெய்தல் வேண்டும். நெசவூர்களில் ஒரே கோலம் ஆண்டுக்கணக்கில் மீண்டும் மீண்டும் வருவதைக் கண்டு 'மரபின் தேக்கம்' என்று எழுதிய விமரிசகர்கள் இக்கூலிமுறையைக் கணக்கிற் கொள்ளவில்லை.

அரசின் பொருளாதாரக் கொள்கை ஒரு கோலத்தின் ஆயுளைத் தீர்மானிக்கும் என்பதற்கு 1970களே சான்று. 1970 முதல் 1977 வரை ஆட்சியிலிருந்த ஐக்கிய முன்னணி அரசும் அதன் தொடர்ச்சியான அரசும் இறக்குமதியைக் கட்டுப்படுத்தின. வெளிநாட்டுத் துணி அருகியமையால் நாடெங்கும் கைத்தறி பெருகிற்று. நூல் பங்கீட்டு முறையில் வழங்கப்பட்டது. பங்கீடு உள்ள இடத்தில் அரசியற் செல்வாக்கும் இடைத்தரகும் இருந்தமையை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் தறிக்கு வேலை இருந்தது. 1977இன் பின் திறந்த பொருளாதாரம் வந்ததும் மலிந்த இறக்குமதித் துணிகள் கடைகளை நிறைத்தன. நாடெங்கும் தறிகள் ஓய்ந்தன. காப்புக்குள் வளர்ந்த சிறு உற்பத்தியாளர்கள் நிலைகுலைந்தமை இன உறவுகளை எவ்வாறு பாதித்தது என்பதை நியூட்டன் குணசிங்க 1984இல் எழுதிய கட்டுரை ஆராய்ந்தது. கல்முனைக் கரையோரத்துக்கோ அதன்மேல் இன்னொரு சுமையும் சேர்ந்தது. 1980களின் நடுப்பகுதி முதல் போரும் இனமோதலும் சந்தைக்குச் செல்லும் பாதைகளை அறுத்தன. இவ்வளவுக்குப் பின்னும் மருதமுனையில் நெசவு முற்றாக மறைந்துவிடவில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது.

தறியை விட்டுப் பாய்க்கு வருவோமாயின் வேறோர் உழைப்பு முறையைச் சந்திக்கிறோம். நீர்ப்பாங்கான நிலத்தில் வளரும் பன்னை அறுத்து உலர்த்தி, ஒரு பகுதியைச் சாயத்தில் அவித்து, நிலத்திலமர்ந்து கையாலேயே இழைப்பர். இங்கே பாவும் ஊடையும் தறியில் இல்லை. பெண்ணின் விரலிலும் நினைவிலும் இருக்கின்றன. மூலப்பொருளுக்கு முதலாளி தேவையில்லை. வேலையின் நேரத்தைச் சமையலும் பிள்ளையும் தொழுகையும் வகுக்கும், வாங்குபவர் வகுப்பதில்லை. விற்பனைக்கென இழைக்கும் பாய்க்கும், மகளின் கலியாணத்துக்கென இழைக்கும் பாய்க்கும் உள்ள வேறுபாடு இங்கு கவனத்துக்குரியது. முன்னையதிற் சாயம் சிக்கனமாகும், கோலம் சுருங்கும். பின்னையதில் ஓரமும் நடுக்கட்டமும் விரியும். ஒரே கை, ஒரே பன், ஒரே முற்றம்; பரிமாற்றப் பெறுமதிக்காக உழைக்கும்போது ஒரு வடிவமும், பயன்பாட்டுப் பெறுமதிக்காக உழைக்கும்போது இன்னொரு வடிவமும் பிறக்கின்றன. அழகியலின் பொருளியல் அடிப்படையை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று அரிது.

இதற்கு ஏதுவான சமூக அமைப்பொன்றும் இங்குண்டு. கிழக்கிலங்கை முஸ்லிம்களிடையே, அண்டைத் தமிழரிடையே போலவே, தாய்வழிக் குடிமுறை நிலவுகிறது. திருமணத்தின்போது வீடு மகளுக்குரியதாகும். மணமகன் அங்கு வந்து வாழ்வான். எனவே முற்றமும் திண்ணையும் பெண்ணின் உரிமை. உற்பத்திக்கான இடம் அவளுடையதாய் இருந்தமையும், தாயும் மகளும் சிறிய தாயும் அருகருகே வாழ்ந்தமையும் இக்கைத்திறன் பள்ளியின்றியே கைமாற வழிசெய்தன. ஆயின் வயலும் வணிகமும் சந்தையும் பெரும்பாலும் ஆணின் கையிலேயே இருந்தன. வீடு பெண்ணுடையது, காசு ஆணுடையது என்னும் இம்முரண்பாட்டினுள்ளேயே பாய்க்கலை வாழ்ந்தது.

இப்பெண்கள் பாடிய கவிகளை நாட்டார் இலக்கியம் என முற்போக்கு ஆய்வாளர் தொகுத்தனர், பல்கலைக்கழகங்கள் பாடமாக்கின. இது பெருஞ்சேவை. பாடியவள் இழைத்த பாயை யாரும் தொகுக்கவில்லை. சொல் ஏட்டில் ஏறியது. பாய் தேய்ந்து எறியப்பட்டது. இலக்கிய ஆய்வாளராகிய நாம் சொல்லுக்குத் தந்த மதிப்பைக் கைவேலைக்குத் தராமையும், மூளையுழைப்பை உடலுழைப்பினும் உயர்த்தும் வர்க்கப் பார்வையின் எச்சமே.

மறுபுறத்திற் கொழும்பை நோக்குவாம். 1960களில் ஈனா த சில்வா (1922–2015), மகன் அனில் ஜயசூரியவோடும் ஓவியர் லக்கி சேனாநாயக்கவோடும் இணைந்து மெழுகிட்டுச் சாயமேற்றும் பற்றிக் முறையை உயர்ந்த கலைவடிவமாக வளர்த்தார். கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா வடிவமைத்த பெந்தோட்டை விடுதியின் மேற்கூரையை அவரது பற்றிக்குகள் அலங்கரித்தன. பார்பரா சன்சோனி (1928–2022) கன்னியர் மடங்களிற் பயின்ற பெண்களின் நெசவுக்கு நிறத்திட்டம் வகுத்து, 1964இற் 'பெயார்ஃபுட்' நிறுவனத்தை உருவாக்கினார். இவர்களின் நிறவுணர்வு போற்றத்தக்கது; அதனை மறுப்பது குறுங்குழுவாதமாகும். ஆனாற் கோலத்தை வகுப்பவருக்குப் பெயரும், அதனை நெய்பவருக்குக் கூலியும் என்ற பிரிவினை இங்கே நிலைபெற்றது. மருதமுனை நெசவாளரை நூற்காரர் கட்டினார். இங்கே கட்டியது வடிவமைப்பு. வேலைக்கு முன் பரிசோதனை செய்ய நேரமும், வீணாகும் துணிக்கு முதலும், வாங்க உல்லாசப் பயணத்துறையும் இருந்தமையாற் பற்றிக் கலையாயிற்று.

இம்முரண்பாடு புதியதன்று. சோசலிசவாதியான வில்லியம் மொறிஸ் 1881இல் மேர்ட்டனில் நிறுவிய பட்டறையில் இயற்கைச் சாயத்தாற் செய்த துணிகளை வாங்க வல்லவர்கள் செல்வர்களே. ஆனந்த குமாரசுவாமி தம் இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய நூலை 1908இல் வெளியிட்டபோது, மொறிஸின் கெல்ம்ஸ்கொட் அச்சகத்திற்குரியதாயிருந்த பொறியிலேயே அது அச்சாயிற்று. அந்நூல் கண்டிக் கைவினைஞரின் அழகை உலகறியச் செய்தது; ஆனால் அவர்களைக் கட்டிவைத்த சாதிச் சேவகத்தை இணக்கமான வாழ்வாகக் கண்டது. மலைநாட்டின் தும்பறைப் பாய் 2021இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. அதற்கு அம்மதிப்பு தகும். அரசவையோடு தொடர்புற்ற கைவினைக்கு எழுத்துச் சான்று கிடைக்கிறது. கரையோர முஸ்லிம் பெண்ணின் பன்பாய்க்கு அரசவையுமில்லை, ஏடுமில்லை.

2004 டிசம்பர் 26இன் கடற்கோள் இலங்கையில் மிகக் கூடுதலான உயிர்களைப் பறித்தது அம்பாறை மாவட்டத்திலேயே. சாய்ந்தமருதும் மருதமுனையும் அதன் நேரடித் தாக்குதலுக்கு உள்ளாகின. தறிகள் அழிந்தமை கணக்கெடுக்கப்பட்டது. நிவாரணமாகத் தறிகள் வழங்கவும் முடிந்தது. முற்றங்கள் அழிந்தமை எக்கணக்கிலும் வரவில்லை. கிழக்கிற் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் மீளக் கட்டலாகாதென முதலில் விதிக்கப்பட்டமையாற் பல குடும்பங்கள் மேற்கே, பொலிவாரின் பெயர் தாங்கிய குடியிருப்பு போன்ற புதிய இடங்களுக்குப் பெயர்ந்தன. இலத்தீன் அமெரிக்க விடுதலை வீரனின் பெயர் சாய்ந்தமருது வயலோரத்தில் வழங்குவது வரலாற்றின் விந்தைகளில் ஒன்று. மீள்குடியேற்ற நிர்வாகம் 'குடும்பத் தலைவர்' என ஆணையே முதன்மைப்படுத்தியமையால், தாய்வழி வந்த வீட்டுரிமை பல இடங்களில் ஆணின் பெயருக்கு மாறியது. தாயும் மகளும் அடுத்தடுத்து வாழ்ந்த வளவு சிதறியது. பாயிழைப்பின் தளர்ச்சிக்குப் பிளாஸ்ரிக் பாயை மட்டும் காரணங்காட்டுவோர் இதனையும் சேர்த்து நோக்குதல் வேண்டும்.

இன்று இக்கரையோரப் பெண்களுக்குத் துணி ஓவியமும் பற்றிக்கும் தையலோடு சேர்த்துச் சுயதொழிலாகக் கற்பிக்கப்படுகின்றன. 2020இற் பற்றிக்குக்கும் கைத்தறிக்குமெனத் தனி இராஜாங்க அமைச்சொன்றும் அமைந்தது. ஆனால் நூலும் சாயமும் மெழுகும் பெரும்பாலும் இறக்குமதியே. 2022இல் ரூபாய் வீழ்ந்தபோது அவற்றின் விலை எட்டாத உயரம் சென்றது. பன்னுக்கு அந்நியச் செலாவணி வேண்டியதில்லை.

ஒலுவிலிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இவ்வூர்களுக்கு வெகுதொலைவில் இல்லை. அங்கு பயிலும் மாணவியர் பலரின் மூத்தம்மாமார் பாய் இழைத்தவர்கள். கோலங்களுக்கு அவர்கள் வழங்கிய பெயர்கள், ஒரு சேலைக்குக் கிடைத்த கூலி, நூல் தந்தவர் யார், கலியாணப் பாயை இழைக்கச் சென்ற நாட்கள், அப்போது பாடிய கவி ஆகியவற்றை ஒரே ஏட்டில் அருகருகே எழுதிக்கொள்வது அடுத்த வேலை.