மிகையாய்ச் சென்ற வீட்டு வாடகைப்படி

1856 ஜூலை 1 அன்று இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலை வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடிய பாதையில் அமைந்த அரக்கோணம், பின்னர் பெரிய சந்திப்பாகவும் பணிமனை ஊராகவும் வளர்ந்தபோது, ரயில்வே குடியிருப்புகளும் அங்கு எழுந்தன. துறையின் வீடு ஒதுக்கப்பட்ட ஊழியருக்கு வீட்டு வாடகைப்படி, அதாவது வெளியில் குடியிருப்போரின் வாடகைச் சுமையைக் குறைக்க ஊதியத்துடன் தரப்படும் தொகை, நிறுத்தப்பட வேண்டும். ஒதுக்கீட்டு ஆணை ஊதியப் பிரிவை எட்டத் தாமதமானால் அத்தொகை மிகைப்பணமாகச் சேர்ந்து, தணிக்கையில் வெளிப்பட்டபின் பிடித்தமாக மாறுகிறது.

ரயில்வே ஊழியரையும் உள்ளடக்கிய 1936-ஆம் ஆண்டு ஊதியம் வழங்கல் சட்டம், மிகையாகச் சென்ற ஊதியத்தைப் பிடித்தம் செய்ய இடமளித்தது. மொத்தப் பிடித்தம் ஊதியத்தில் பாதியை மீறலாகாது என்ற வரம்பு, கூட்டுறவுச் சங்கத் தவணைகளுக்கான விலக்குடன், பிற்பாடு சேர்ந்தது. ஆயினும் பிழை அலுவலகத்துடையதாக இருக்கையில் சுமையை யார் தாங்குவது என்ற அடிப்படைக் கேள்விக்கு அது விடையாகவில்லை.

அந்த விடையை 2014 டிசம்பர் 18 அன்று, பஞ்சாப் அரசு எதிர் ரபீக் மசி வழக்கில் உச்ச நீதிமன்றம் பெருமளவு வழங்கியது: மூன்றாம், நான்காம் நிலை ஊழியர், ஓய்வு பெற்றோர், ஓராண்டில் ஓய்வு பெறவிருப்போர் ஆகியோரிடமும், ஐந்தாண்டுக்கு மேல் நீடித்த மிகைக் கொடுப்பனவுகளிலும் வசூல் கூடாது என்றது. குடும்பச் செலவில் கரைந்த பணத்தைச் சிற்றூதியக்காரரிடம் திரும்பக் கேட்பதன் கொடுமையை உணர்ந்த தீர்ப்பு இது. எனினும், மிகையானால் திருப்பித் தருவதாக உறுதிமொழி எழுதிக் கொடுத்த அதிகாரி இப்பாதுகாப்பைக் கோர முடியாதென 2016-இல் அதே நீதிமன்றம் வரையறுத்தது.