எஞ்சின் போன பிறகு மிஞ்சிய வண்டி

1950-களில் இங்கிலாந்தில் எஞ்சின் இல்லாத மோட்டார் சைக்கிள்கள் விலைக்குக் கிடைத்தன. அவை பழுதாகி ஒதுக்கப்பட்டவை அல்ல. பந்தயத்துக்கென்றே நார்ட்டன் கம்பெனி செய்த மேங்ஸ் வண்டிகள். அந்நாளில் 500 சிசி எஞ்சின் பொருத்திய குட்டிப் பந்தயக் கார்கள் அங்கே பிரபலம். ஃபார்முலா 3 என்று அந்தப் பந்தயத்துக்குப் பெயர். மேங்ஸின் எஞ்சின் அதற்கு அருமையாகப் பொருந்தியது. ஆனால் நார்ட்டன் எஞ்சினை மட்டும் தனியாக விற்காது. எனவே கார் பந்தயக்காரர்கள் முழு வண்டியையும் வாங்கி, எஞ்சினைக் கழற்றி எடுத்துக்கொண்டு, மீதியைக் கழித்துக்கட்டினார்கள். அந்த மீதியைத் தேடி வந்து வாங்கியவர்களிடமிருந்துதான் கஃபேக்களில் கூடிய பையன்கள் வேகத்துக்காகத் திருத்திய ‘கஃபே ரேசர்’ வண்டிகளின் அரசன் பிறந்தான்: ட்ரைட்டன்.

மீதி என்று சொன்னாலும், மேங்ஸில் அருமையானது அந்த மீதிதான். பெல்ஃபாஸ்டைச் சேர்ந்த ரெக்ஸ் மெக்கேண்ட்லஸ் வடிவமைத்த ஃபிரேம் அது. இரண்டு நீண்ட குழாய்கள் எஞ்சினைச் சுற்றி வளைந்து வந்து, ஹேண்டில் பாருக்குக் கீழே ஒன்றையொன்று குறுக்காகத் தாண்டும். வளைவில் எவ்வளவு சாய்த்தாலும் வண்டி நெளியாது. ஓட்டிப் பார்த்த பந்தய வீரர் ஹெரால்ட் டேனியல் இறகு மெத்தையில் போவதுபோல இருக்கிறது என்றார். ‘ஃபெதர்பெட்’ என்ற பெயர் நிலைத்துவிட்டது. 1950-ல் ஐல் ஆஃப் மேன் தீவின் சீனியர் டி.டி. பந்தயத்தில் ஜெஃப் டியூக் இந்த ஃபிரேமில்தான் ஜெயித்தார்.

எஞ்சின் விஷயத்தில், அந்த மீதியை வாங்கிய பையன்களின் மனம் வேறு கம்பெனியிடம் இருந்தது. எட்வர்ட் டர்னர் 1937-ல் ட்ரயம்ப் கம்பெனிக்காக இரட்டை சிலிண்டர் ‘ஸ்பீட் ட்வின்’னைக் கொண்டுவந்தார். போருக்குப் பிறகு அது 650 சிசியாக வளர்ந்தது. 1959-ல் இரண்டு கார்புரேட்டருடன் ‘பானவில்’ வந்தது. சுலபமாக வேகம் கூட்டலாம், உதிரிபாகம் எங்கும் கிடைக்கும், பழைய எஞ்சின் மலிவு. ட்ரயம்பின் சொந்த ஃபிரேம்தான் அந்த வேகத்துக்கு ஈடு கொடுக்கவில்லை. ஒரு கம்பெனியிடம் நல்ல எஞ்சின், இன்னொன்றிடம் நல்ல ஃபிரேம். இரண்டையும் சேர்த்து விற்க யாருமில்லாததால், வாங்க நினைத்தவர்களே சேர்த்துவிட்டார்கள். ட்ரயம்பும் நார்ட்டனும் சேர்ந்ததால்தான் ட்ரைட்டன் என்ற பெயர்.

சேர்ப்பது எளிதான வேலையல்ல. நார்ட்டனுக்கென்று செய்த ஃபிரேமில் ட்ரயம்ப் எஞ்சின் தானாக உட்காராது. அலுமினியத் தகட்டை அளவெடுத்து வெட்டி, துளை போட்டு, அந்தத் தகடுகளால் எஞ்சினைத் தாங்க வேண்டும். 1963-க்கு முந்தைய ட்ரயம்ப் 650-களில் எஞ்சின் வேறு, கியர் பாக்ஸ் வேறு. அதனால் பலர் நார்ட்டனின் கியர் பாக்ஸையே வைத்துக்கொண்டார்கள். அங்கேதான் கைத்திறன் தெரியும். இரண்டுக்கும் நடுவே ஓடும் செயின் நேர்கோட்டில் நிற்க வேண்டும். கொஞ்சம் விலகினாலும் பல்சக்கரத்தைத் தின்றுவிடும். எஞ்சினை எவ்வளவு முன்னால் தள்ளி வைப்பது என்பதில் ஒவ்வொருவருக்கும் ஒரு கணக்கு உண்டு. ஆக, இரண்டு ட்ரைட்டன் அச்சாக ஒரே மாதிரி இருந்துவிட முடியாது. வரைபடமோ கையேடோ இல்லாமல் வீட்டுக் கொட்டகையில் இதைச் செய்துமுடித்த தொழிலாளி வீட்டுப் பிள்ளைகளை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மரியாதை பொங்குகிறது.

அவர்கள் கூடிய இடங்களில் பேர்பெற்றது லண்டனின் ஏஸ் கஃபே. நார்த் சர்க்குலர் சாலையோரம் லாரிக்காரர்களுக்காக 1938-ல் திறந்த கடை. போரில் குண்டு விழுந்து இடிந்து, 1949-ல் மறுபடி எழுந்தது. இரவிலும் திறந்திருக்கும். தேநீர் கிடைக்கும், ஜூக்பாக்ஸில் ராக் அண்ட் ரோல் ஓடும், வெளியே அகலமான சாலை. கையில் சம்பளமும் தவணை வசதியும் முதன்முதலாக வாய்த்த தலைமுறைக்கு வேறென்ன வேண்டும்? மணிக்கு 100 மைலைத் தொட வேண்டும் என்பதுதான் எல்லோருக்கும் கனவு. ஜூக்பாக்ஸில் காசைப் போட்டுவிட்டுக் கிளம்பி, பாட்டு முடிவதற்குள் ஒரு சுற்று போய்த் திரும்புவார்கள் என்று இன்றும் கதை சொல்கிறார்கள். அந்தக் கதை எவ்வளவு தூரம் உண்மையோ, அந்தச் சாலைகளில் இளம் உயிர்கள் போனது உண்மை. அதை மறைத்துவிட்டு இந்த வண்டிகளின் அழகை மட்டும் பேச எனக்கு மனம் வரவில்லை.

அழகு என்று இன்று நாம் பார்ப்பதெல்லாம் அன்று தேவையாக இருந்தது. ஹேண்டில் பாரைக் கழற்றி எறிந்துவிட்டு, ஃபோர்க் குழாயிலேயே நேராகக் கவ்வும் ‘கிளிப்-ஆன்’ துண்டுகளை மாட்டினார்கள். உடம்பு குனிந்தால் காற்று தடுக்காது. குனிந்தவனுக்குக் கால் பழைய இடத்தில் நிற்காது என்பதால் ஃபுட்ரெஸ்ட் பின்னுக்கும் மேலுக்கும் போனது. வளைவில் அது தரையில் உரசாது என்பது கூடுதல் லாபம். உரசக்கூடாது என்பதற்காகவே சைலன்சர் குழாயும் பின்னோக்கி மேலே வளைந்தது. டேங்க் நீண்டு, முழங்கால் பதியக் குழி விழுந்தது. முடுக்கும்போது ஆள் பின்னால் சரியாமலிருக்க ஒற்றை சீட்டின் முதுகில் ஒரு திமில் எழுந்தது. மட்கார்டு குறுகியது, சில வண்டிகளில் காணாமலே போனது. பாதி வேலை கழற்றுவதுதான். வண்டியை மாற்றுவது என்றால் எதையாவது வாங்கி ஒட்டுவது என்று நினைக்கும் இன்றைய வழக்கத்துக்கு இது நேர் எதிர். எனக்கு இந்தப் பழைய வழிதான் சரியென்று படுகிறது.

கொட்டகையில் பிறந்த வண்டி பந்தயத்திலும் ஜெயித்துக் காட்டியது. லண்டனில் டிரெஸ்டா என்ற பட்டறையை நடத்திய டேவ் டெகென்ஸ் ட்ரைட்டன்களைக் கட்டி விற்றார். 1965-ல் பார்சிலோனாவின் 24 மணி நேரப் பந்தயத்தில் ரெக்ஸ் புட்சரோடு சேர்ந்து தன் ட்ரைட்டனிலேயே வென்றார். ஒரு நாள் முழுக்க நிற்காமல் ஓடி ஜெயித்த பிறகு, ஒட்டுப்போட்ட வண்டி என்று யாரும் சொல்ல முடியவில்லை.

ஊர் உலகம் இந்தப் பையன்களை ரவுடிகளாகவே பார்த்தது. 1964-ல் கடற்கரை ஊர்களில் ஸ்கூட்டர் கூட்டத்தோடு நடந்த கைகலப்புகள் அந்தப் பெயரை உறுதிசெய்தன. ஆனால் தானும் மோட்டார் சைக்கிள் ஓட்டும் பில் ஷெர்கோல்ட் என்ற பாதிரியார் ஏஸ் கஃபேவுக்கே போய் அவர்களைக் கூப்பிட்டுத் தன் திருச்சபை இளைஞர் மன்றமான ‘59 கிளப்’பில் இடம் கொடுத்தார்.

கம்பெனிகளும் மெல்லக் கண் விழித்தன. பழகுநர்கள் 250 சிசிக்கு மேல் ஓட்டக்கூடாது என்று இங்கிலாந்தில் சட்டம் வந்திருந்தது. அதைக் கணக்கில் வைத்து ராயல் என்ஃபீல்ட் 1964-ல் ‘கான்டினென்டல் ஜி.டி.’ 250-ஐ இறக்கியது. பையன்கள் தாங்களே மாட்டிக்கொண்ட கிளிப்-ஆன், பின்தள்ளிய ஃபுட்ரெஸ்ட், நீண்ட சிவப்பு டேங்க் எல்லாம் தொழிற்சாலையிலிருந்தே வந்தன. மாறி மாறி ஓட்டுநர்களை வைத்து பிரிட்டனின் வட முனையிலிருந்து தென்மேற்கு முனை வரை 24 மணி நேரத்துக்குள் ஓட்டிக்காட்டி விளம்பரமும் செய்தார்கள். காலம் கைகொடுக்கவில்லை. மலிவான கார்கள் வந்துவிட்டன. ஏஸ் கஃபே 1969-ல் மூடப்பட்டது. ராயல் என்ஃபீல்டின் இங்கிலாந்து உற்பத்தி 1970-ல் நின்றது.

நிற்காமல் ஓடியது ராயல் என்ஃபீல்டின் திருவொற்றியூர் தொழிற்சாலை மட்டும்தான். 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு கூட்டு சேர்ந்து தொடங்கிய அந்தத் தொழிற்சாலை புல்லட்டைத் தொடர்ந்து செய்துவந்தது. கான்டினென்டல் ஜி.டி. என்ற பெயர் 2013-ல் 535 சிசி வண்டியாகத் திரும்பியபோது பிறந்த மண் சென்னைப் பக்கமாக மாறியிருந்தது. ஃபிரேமை வடிவமைத்தது இங்கிலாந்தின் ஹாரிஸ் பெர்ஃபார்மன்ஸ். 2018-ல் இரட்டை சிலிண்டர் 650 வந்தது, கூடவே அதே எஞ்சினும் உயரமான ஹேண்டில் பாரும் கொண்ட ‘இன்டர்செப்டர்’.

ட்ரைட்டன் மாதிரி ஒன்றை இங்கே கொட்டகையில் கட்டிச் சாலையில் ஓட்ட முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019-ல் அதை உறுதிசெய்தது. காதைக் கிழிக்கும் சைலன்சரை யாரும் ரசனை என்று வாதாட வேண்டாம். உடம்புக்கு ஏற்றபடி வண்டியைத் திருத்துவது வேறு. சென்னை நெரிசலில் மணிக்கட்டு வலிக்கிறது என்று ஜி.டி.யின் கிளிப்-ஆன்களைக் கழற்றிவிட்டு இன்டர்செப்டரின் ஹேண்டில் பாரை மாட்ட நினைப்பவர்களைக் கஃபே ரேசர் பிரியர்கள் சிலர் முறைக்கிறார்கள். முறைக்க ஒன்றுமில்லை, தன் உடம்புக்கும் தன் சாலைக்கும் எது ஒத்துவருமோ அதைத்தான் ஏஸ் கஃபே பையன்களும் செய்தார்கள். மாட்டுமுன் இரண்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்: முழுதாகத் திருப்பும்போது கேபிளும் பிரேக் ஹோஸும் இழுபடாமல் நீளம் போதுமா, கம்பெனி அங்கீகரித்த பாகம்தானா.